பன்னிரண்டு வெள்ளித்தாலங்கள்: இஸ்ரவேலின் கோத்திரத் தலைவர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையின் புதன்கிழமை வேதபாட வகுப்பில் எண்ணாகமத்தை எடுத்த நாளிலிருந்து ஒரே விதமான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. வகுப்பு முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது ஒருவர் கேட்பார். மறுவாரம் அதே இடத்தில் வேறொருவர் அதையே கேட்பார். அந்தக் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தைகளைக் கூடியவரை மாற்றாமல், இங்கே தொகுத்திருக்கிறேன். பெயர்களும் சொற்களும் பழைய தமிழ் வேதாகமத்தை ஒட்டியவை. கத்தோலிக்க நண்பர்கள் எண்ணாகமத்தைத் தங்கள் திருவிவிலியத்தில் 'எண்ணிக்கை' என்ற பெயரில் காணலாம்.

கோத்திரத் தலைவர்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்? மோசே, ஆரோனைத்தானே?

இல்லை. இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரண்டாம் வருடம், இரண்டாம் மாதம் முதல் தேதியில், சீனாய் வனாந்தரத்தில் மக்கள்தொகை எடுக்கும்படி மோசேக்குக் கட்டளை வருகிறது. அப்போது கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் பெயர் சொல்லி நியமிக்கப்படுகிறார்கள். யூதாவுக்கு நகசோன், இசக்காருக்கு நெதனெயேல், செபுலோனுக்கு எலியாப், ரூபனுக்கு எலிசூர், சிமியோனுக்கு செலூமியேல், காத்துக்கு எலியாசாப், எப்பிராயீமுக்கு எலிஷாமா, மனாசேக்கு கமாலியேல், பென்யமீனுக்கு அபீதான், தாணுக்கு அகியேசேர், ஆசேருக்கு பாகியேல், நப்தலிக்கு அகீரா.

எண்ணாகமம் 1, 2, 7, 10 ஆகிய நான்கு அதிகாரங்களிலும் இந்தப் பன்னிரண்டு பெயர்களும் வருகின்றன. அவர்கள் பேசியதாக ஒரு வாக்கியம்கூட அங்கே இல்லை. எண்ணினார்கள், பாளயமிறங்கினார்கள், கொடுத்தார்கள், நடந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் பிரியம் வந்ததே இதனால்தான்.

கோத்திரம் என்றால் நம் ஊரில் கல்யாணத்துக்குப் பார்க்கிற கோத்திரமா?

சொல் ஒன்று, பொருள் வேறு. நம் ஊரில் கோத்திரம் ஒரு முனிவரின் வழியைக் குறிக்கும்; ஒரே கோத்திரத்தில் பெண் எடுப்பதில்லை. இஸ்ரவேலில் அது யாக்கோபின் பிள்ளைகள் வழியாக வந்த பெருங்குடும்பம். அங்கே சொந்தக் கோத்திரத்துக்குள் திருமணம் செய்வது வழக்கம்தான். எண்ணாகமம் 36இல் சுதந்தரநிலம் கைமாறாதிருக்க அப்படிச் செய்யும்படி கட்டளையே வருகிறது. திருவிவிலியத்தில் இதைக் 'குலம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

எபிரெயத்தில் கோத்திரத்தைக் குறிக்கும் 'மத்தே' என்ற சொல்லுக்குக் கைத்தடி என்றும் பொருள் உண்டு. எண்ணாகமம் 17இல் ஒவ்வொரு தலைவரும் தம் கோலில் பெயர் எழுதி ஆசரிப்புக் கூடாரத்தில் (வனாந்தரத்தில் அவர்கள் கூடவே கொண்டுபோன வழிபாட்டுக் கூடாரத்தில்) வைக்கும் நிகழ்ச்சியைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். காலையில் ஆரோனின் கோல் மட்டும் துளிர்த்து, பூத்து, வாதுமை காய்த்திருந்தது. மற்றவர்கள் தங்கள் தங்கள் கோலைப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது வேதம். பூக்காத கோலைப் பேசாமல் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்புவது லேசான காரியமில்லை.

யாக்கோபுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். லேவியைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் பதினொன்றுதானே வர வேண்டும்?

லேவி கோத்திரம் கூடாரப் பணிக்கென்று பிரிக்கப்பட்டதால் இந்த எண்ணிக்கையில் சேரவில்லை. யோசேப்பின் பங்கு அவருடைய இரண்டு பிள்ளைகளான எப்பிராயீம், மனாசே பெயரில் இரண்டாகக் கணக்கிடப்படுகிறது. அதனால் லேவி இல்லாமலே பன்னிரண்டு வந்துவிடும்.

'பிரபு' என்று எழுதியிருக்கிறதே. அப்படியானால் அவர்கள் பெரிய பணக்காரர்கள், ஜமீன்தார்கள் மாதிரியா?

தமிழில் 'பிரபு' என்றதும் பட்டுத் தலைப்பாகை கண்ணில் வந்து நிற்கிறது. மூலத்தில் இருக்கும் சொல் 'நாசி'. 'தூக்கு', 'சும' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது அது. உயர்த்தப்பட்டவர் என்று கொள்ளலாம். அதே வினைதான் லேவியர் பணிமுட்டுகளைத் தோளில் சுமந்தார்கள் என்று சொல்லும்போதும் வருகிறது. எபிரெயம் தெரிந்த ஒருவர் 'நாசி' என்று கேட்கும்போது, உயரத்தோடு சுமையும் சேர்ந்தே காதில் விழும். இன்றைய இஸ்ரேல் நாட்டின் ஜனாதிபதியையும் இந்தச் சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தச் சொல்லின் பன்மைக்கு மேகங்கள் என்ற பொருளும் உண்டு. கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுக் கொடாமல் இருப்பவன் மழையில்லாத மேகத்துக்கும் காற்றுக்கும் ஒப்பானவன் என்கிறது நீதிமொழிகள் 25:14. அங்கே மேகத்துக்கு வரும் சொல் இதுவே. வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர்களுக்கு அந்த ஏமாற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

எண்ணாகமம் 7ஐ வாசிக்கவே முடியவில்லை. ஒரே பத்தி பன்னிரண்டு முறை வருகிறது. 'மற்றவர்களும் அப்படியே கொடுத்தார்கள்' என்று எழுதியிருக்கக் கூடாதா?

இந்தத் தொகுப்பை நான் எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். அந்த அதிகாரத்தில் 89 வசனங்கள். வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்களான ஆகமங்களில் இதைவிட நீளமான அதிகாரம் இல்லை. பலிபீடம் அபிஷேகம் பண்ணப்பட்டபின், நாளுக்கு ஒரு தலைவராகப் பன்னிரண்டு நாட்கள் காணிக்கை வருகிறது. ஒவ்வொருவர் கொண்டுவந்ததும் இது: எண்ணெயில் பிசைந்த மெல்லிய மாவு நிறைந்த 130 சேக்கல் எடையுள்ள ஒரு வெள்ளித்தாலம், அதேபோல மாவு நிறைந்த 70 சேக்கல் வெள்ளிக்கலம் ஒன்று, தூபவர்க்கம் நிறைந்த 10 சேக்கல் பொற்கரண்டி ஒன்று. சர்வாங்க தகனபலிக்கு ஒரு காளை, ஒரு ஆட்டுக்கடா, ஒரு வயதுள்ள ஒரு ஆட்டுக்குட்டி. பாவநிவாரண பலிக்கு ஒரு வெள்ளாட்டுக்கடா. சமாதான பலிக்கு இரண்டு மாடுகள், ஐந்து ஆட்டுக்கடாக்கள், ஐந்து வெள்ளாட்டுக்கடாக்கள், ஐந்து குட்டிகள். பன்னிரண்டு நாளும் அளவில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை.

இப்போது பன்னிரண்டாம் நாளில் நிற்கும் அகீராவை நினைத்துப் பாருங்கள். பதினொரு நாட்களாக இதே காட்சியை மக்கள் பார்த்துவிட்டார்கள். அவருடைய தாலத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. நம் விழாக்களில் கடைசியாக வருகிறவரின் பெயரை ஒலிபெருக்கியில் அவசரமாக வாசித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவோம். வேதம் அப்படிச் செய்யவில்லை. நகசோனின் காணிக்கைக்குச் செலவிட்ட அதே வார்த்தைகளை அகீராவுக்கும் செலவிடுகிறது: எடை, மாவு, எண்ணெய், கடைசி ஆட்டுக்குட்டிவரை. சுருக்கினால் மை மிச்சமாகியிருக்கும். அகீராவுக்கு உரிய நாள் போயிருக்கும். ஆகவே அந்த அதிகாரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தலைவர் என்று பன்னிரண்டு நாள் வாசியுங்கள். யூதர்கள் ஹனுக்கா பண்டிகையின் எட்டு நாட்களிலும் ஜெப ஆலயத்தில் இந்த அதிகாரத்தை அப்படி நாள்வாரியாகத்தான் வாசிக்கிறார்கள்; எட்டாம் நாளில் மீதி இருப்பவர்களையும் சேர்த்து முடிப்பார்கள்.

130 சேக்கல் என்றால் நம் கணக்கில் எவ்வளவு?

யூதாவில் அகழ்ந்தெடுத்த எடைக்கற்களைக் கொண்டு பார்த்தால் ஒரு சேக்கல் சுமார் 11 கிராம். அவை பிற்காலத்து அரசர்கள் நாளைச் சேர்ந்தவை என்பதால் இதை உத்தேசமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளித்தாலம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளிக்கலம் முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகம். பொற்கரண்டி பதினான்கு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. அதிகாரத்தின் முடிவில் வேதமே கூட்டிச் சொல்கிறது: வெள்ளி மொத்தம் 2,400 சேக்கல், பொன் 120 சேக்கல்.

எல்லாரும் ஒரே அளவு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததா? பெரிய கோத்திரம் அதிகம் கொடுத்திருக்கலாமே?

அப்படி ஒரு கட்டளை அதிகாரத்தில் இல்லை. அதனால்தான் இது என்னைத் தொடுகிறது. யூதாவில் யுத்தத்துக்குப் புறப்படத்தக்கவர்கள் 74,600 பேர். மனாசேயில் 32,200 பேர், அதாவது பாதிக்கும் குறைவு. நகசோன் இரண்டு தாலம் கொண்டுவந்திருந்தால் மக்கள் மெச்சியிருப்பார்கள். அப்படிச் செய்திருந்தால் எட்டாம் நாளில் வந்த கமாலியேல் எந்த முகத்தோடு நின்றிருப்பார்? முதலில் கொடுத்தவர் அளவை உயர்த்தவில்லை; பின்னால் வந்தவர்களும் முந்தியவரை மிஞ்சப் பார்க்கவில்லை.

கல்வெட்டில் நன்கொடையாளர் பெயரைத் தொகை வாரியாகச் செதுக்கும் பழக்கம் நம் ஆலயங்களில் இருக்கிறது. அதை எண்ணாகமம் 7க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நகசோனுக்கு மட்டும் 'பிரபு' பட்டம் இல்லையே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். எண்ணாகமம் 7இன் 12ஆம் வசனத்தில் 'யூதா கோத்திரத்தான்' என்று மட்டும் இருக்கிறது. 18ஆம் வசனத்திலிருந்து மற்ற பதினொருவருக்கும் 'இசக்காரின் பிரபு', 'செபுலோன் புத்திரரின் பிரபு' என்று பட்டம் வருகிறது. எபிரெயத்திலும் அப்படியே.

முதலிடம் கிடைத்தவர் தலைகனத்துவிடாதபடி பட்டம் விலக்கப்பட்டது என்று யூத உரையாசிரியர்கள் விளக்கினார்கள். மூல வசனம் காரணம் சொல்லவில்லை. ஆனாலும் அந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. நகசோனின் சகோதரி எலிசபாள் ஆரோனின் மனைவி (யாத்திராகமம் 6:23). பிரதான ஆசாரியருக்கு மைத்துனர், மிகப் பெரிய கோத்திரத்துக்குத் தலைவர், முதல் நாள் காணிக்கைக்காரர். இத்தனையும் ஒருவரிடம் சேரும்போது, பட்டம் ஒன்று குறைவது அவருக்கு நன்மைதான்.

செங்கடல் பிளக்கும் முன்பே நகசோன் தண்ணீரில் இறங்கிவிட்டார் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். எந்த வசனம்?

வசனம் இல்லை. யாத்திராகமம் 14இல் நகசோனின் பெயரே வராது. அது யூத ரப்பிகளின் போதனைத் தொகுப்பான தல்மூத்தில், சோத்தா என்ற பகுதியில் வரும் மரபுக் கதை: கோத்திரங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றபோது நகசோன் முதலில் இறங்கினார் என்பது. அழகான கதை, சொல்லத் தகுந்த கதை. 'யூத மரபு சொல்கிறது' என்ற மூன்று வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

தலைவர்கள் கொடுத்த வண்டிகளில் கோகாத்தியருக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே. இது பாரபட்சம் இல்லையா?

பலிபீடக் காணிக்கைக்கு முன்பே தலைவர்கள் ஆறு கூண்டு வண்டிகளையும் பன்னிரண்டு மாடுகளையும் கொண்டுவந்தார்கள். இரண்டு தலைவருக்கு ஒரு வண்டி, ஆளுக்கு ஒரு மாடு. வண்டியைத் தனியாகக் கொடுக்க வசதியில்லாதவர்கள் அல்லர். அடுத்த பத்தியிலேயே ஆளுக்கு ஒன்றரைக் கிலோ வெள்ளித்தாலம் வருகிறது. கூட்டாகக் கொடுக்கத்தான் விரும்பினார்கள் என்று நினைக்கிறேன். யாரும் கேட்டு வாங்கிய பொருளும் அது இல்லை. கூடாரத்தைக் கழற்றி, கட்டி, தூக்கப் போகிறவர்கள் லேவியர். அவர்களுடைய முதுகுவலியை முன்கூட்டியே யோசித்தவர்கள் மற்றக் கோத்திரத்தார். பெற்றுக்கொள்ளலாமா என்று மோசேகூடக் கர்த்தர் சொல்லும்வரை காத்திருந்தார்.

கெர்சோனியர், மெராரியர், கோகாத்தியர் என்று லேவியரில் மூன்று வம்சங்கள். பங்கீடு அவரவர் வேலையைப் பொறுத்தது. திரைகளையும் மூடுதுணிகளையும் சுமந்த கெர்சோனியருக்கு இரண்டு வண்டி, நான்கு மாடு. பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள் எனக் கனத்தவற்றைச் சுமந்த மெராரியருக்கு நான்கு வண்டி, எட்டு மாடு. கோகாத்தியரிடம் இருந்தவை உடன்படிக்கைப் பெட்டி, மேசை, குத்துவிளக்கு, பீடங்கள். அவற்றைத் தோளில்தான் சுமக்க வேண்டும். நெடுங்காலம் கழித்து தாவீது பெட்டியைப் புது மாட்டுவண்டியில் ஏற்றியபோது ஊசா உயிரிழந்ததை 2 சாமுவேல் 6இல் படித்திருப்பீர்கள்.

ஆக, மிக உயர்ந்த பொறுப்பு எவர்களிடம் இருந்ததோ அவர்களுக்கு வண்டி இல்லை. இந்தக் கோகாத்தியரை நினைவில் வையுங்கள். கோராகைப் பற்றிய கேள்வியில் மறுபடியும் வருவார்கள்.

யூதா முன்னால் நடந்தது என்றால், கடைசியில் நடந்தவர்களுக்கு அது அவமானம்தானே?

எண்ணாகமம் 10இன் பயண வரிசையில் கடைசியில் நடந்தது தாணின் பாளயம். தாண் கோத்திரத்தில் மட்டும் 62,700 பேர், யூதாவுக்கு அடுத்த பெரிய கோத்திரம். வலிமை குறைந்தவர்களைக் கடைசியில் தள்ளவில்லை. எல்லாப் பாளயங்களுக்கும் பின்காவலாக வலிமையுள்ளவர்களையே நிறுத்தினார்கள். முன்னால் போகிறவர்கள் தவறவிட்டதையெல்லாம் தாண் கோத்திரத்தார் எடுத்து உரியவரிடம் சேர்த்தார்கள் என்று இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியின் உரை சொல்கிறது. அகியேசேர் முன்னால் பறக்கும் கொடியைப் பார்த்திருக்க மாட்டார், புழுதியைத்தான் பார்த்திருப்பார்.

இவ்வளவு நல்லவர்களா? தலைவர்கள் எங்கேயும் சறுக்கவில்லையா?

சறுக்கினார்கள். ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொருள் சேர்த்தபோது மக்கள் காலைதோறும் கொண்டுவந்து குவித்தார்கள். போதும், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் அறிவிக்க வேண்டியதாயிற்று (யாத்திராகமம் 36:6). பெண்கள் நூல் நூற்றுக் கொடுத்ததெல்லாம் எழுதியபிறகுதான் யாத்திராகமம் 35:27இல் பிரபுக்கள் கோமேதகக் கற்களோடு வருகிறார்கள்.

அந்த வசனத்தில் 'பிரபுக்கள்' என்ற எபிரெயச் சொல் வழக்கமான எழுத்தில்லாமல் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. ராஷி, ரப்பி நாத்தானின் விளக்கத்தை எடுத்துச் சொல்கிறார்: 'மக்கள் முதலில் கொடுக்கட்டும், குறைவதை நாங்கள் நிரப்புகிறோம்' என்று தலைவர்கள் காத்திருந்தார்கள், நிரப்ப ஒன்றும் மிஞ்சவில்லை, பிந்தியதற்காகப் பெயரில் ஓர் எழுத்து குறைந்தது, அந்தப் பாடத்தினால்தான் எண்ணாகமம் 7இல் முந்திக்கொண்டார்கள். 'குறைவதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற வார்த்தை தாராளமாகத்தான் ஒலிக்கிறது. நானும் அப்படிச் சொல்லிவிட்டுக் காத்திருந்ததுண்டு.

கானானை வேவு பார்த்த பன்னிரண்டு பேரும் இவர்களேதானா?

வேறு பன்னிரண்டு பேர். ஆனால் அவர்களையும் 'பிரபுக்கள்' என்றுதான் எண்ணாகமம் 13:2 அழைக்கிறது. காலேபும் யோசுவாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மற்றப் பத்துப் பேர், 'நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம்' என்றார்கள்.

இதைத் தாழ்மை என்று எண்ணிவிடாதீர்கள். தம்மைச் சிறிதாகப் பேசினார்கள், உண்மைதான். அந்தப் பேச்சால் ஒரு தலைமுறையே வனாந்தரத்தில் நாற்பது வருடம் அலைந்தது. ஒப்படைத்த வேலையைச் செய்யாமல் இருப்பதற்குத் தம் சிறுமையைக் காரணமாகக் காட்டினார்கள். காலேப் தம்மைப் பெரியவன் என்று சொல்லவில்லை. 'நாம் உடனே போய் அதைச் சுதந்தரித்துக்கொள்வோம்' என்றார்.

கோராகு சொன்னது சரிதானே? 'சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள்' என்பதில் என்ன தப்பு?

மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராக எழும்பிய கோராகு எண்ணாகமம் 16இல் சொன்னது அது. அந்த வாக்கியத்தில் தப்பே இல்லை. நீங்கள் எனக்கு ஆசாரிய ராஜ்யமாக இருப்பீர்கள் என்று கர்த்தரே யாத்திராகமம் 19:6இல் சொல்லியிருக்கிறார். மோசேயும் அதிகாரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டவர் இல்லை. எல்தாதும் மேதாதும் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னபோது தடுக்கச் சொன்ன யோசுவாவிடம், கர்த்தருடைய ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசிகளானால் நலமாயிருக்குமே என்றார் (எண்ணாகமம் 11:29).

இப்போது வண்டி கிடைக்காத கோகாத்தியரை நினையுங்கள். கோராகு அந்த வம்சத்தான். பெட்டியைத் தோளில் சுமக்கும் குடும்பம். 'இது உங்களுக்கு அற்பமா? ஆசாரியப் பட்டத்தையும் தேடுகிறீர்களோ?' என்றுதான் மோசே அவனைக் கேட்டார். எல்லாரும் சமம் என்று பேசியவன் கேட்டது எல்லாருக்காகவும் இல்லை. தன் தோளில் இருந்ததை அற்பமாக எண்ணி ஆரோனின் கையில் இருந்ததைக் கேட்டான். அவனோடு நின்ற 250 பேரும் பிரபுக்கள், பேர்பெற்றவர்கள் என்பதையும் பாருங்கள். ஏழை எளியவர்களின் கிளர்ச்சி இல்லை அது.

எங்கள் சபையில் வரவுசெலவுக் கணக்குக் கேட்டாலே 'கோராகின் ஆவி' என்கிறார்கள். கணக்குக் கேட்பது பாவமா?

பாவம் இல்லை. இந்த அதிகாரத்தை வாயடைக்கும் துணியாகப் பயன்படுத்துவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதே அதிகாரத்தில் மோசே, 'நான் அவர்களுடைய ஒரு கழுதையையும் எடுத்துக்கொள்ளவில்லை' என்கிறார் (16:15). தம் கை சுத்தம் என்று சொல்லும் கடமை அவருக்கே இருந்தது. சாமுவேலும் முதிர்வயதில் மக்கள்முன் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டார் (1 சாமுவேல் 12:3).

அதைவிடத் தெளிவாக யாத்திராகமம் 38ஐப் படியுங்கள். கூடாரத்துக்கு வந்த பொன் 29 தாலந்து 730 சேக்கல் (ஒரு தாலந்து 3,000 சேக்கல்). எண்ணப்பட்டவர்களிடம் வாங்கிய வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். அந்த வெள்ளியில் 100 தாலந்து நூறு பாதங்களுக்குப் போனது, மீதி 1,775 சேக்கலில் தூண்களின் கொக்கிகள் செய்தார்கள் என்று கொக்கிவரை கணக்கு எழுதியிருக்கிறது. மோசே கட்டளையிட்டபடி எடுத்த கணக்கு அது. உங்கள் சபைக் கூட்டத்தில் இந்தப் பகுதியை வாசிக்கக் கேளுங்கள், மரியாதையோடு கேளுங்கள்.

தலைவர் தவறு செய்துவிட்டால் வேதம் என்ன சொல்கிறது? மறைத்துவிட வேண்டுமா?

லேவியராகமம் 4 நான்கு பேருக்கு நான்கு விதமாகச் சொல்கிறது. அபிஷேகம்பெற்ற ஆசாரியருக்கும் முழுச் சபைக்கும் காளை, பிரபுவுக்கு வெள்ளாட்டுக்கடா, சாதாரண மனிதருக்குப் பெண்ணாடு. பிரபு அதைச் சர்வாங்க தகனபலி கொல்லப்படும் இடத்துக்குக் கொண்டுவந்து, தலைமேல் கைவைத்து, தானே கொல்ல வேண்டும்.

மற்றவர்களுக்கு 'பாவம் செய்தால்' என்றிருக்கும் இடத்தில் பிரபுவுக்கு மட்டும் எபிரெயத்தில் 'செய்யும்போது' என்ற தொனியில் ஒரு சொல் நிற்கிறது. அந்தச் சொல் 'பாக்கியமுள்ள' என்ற சொல்லைப்போல ஒலிப்பதை எடுத்துக்கொண்டு, முதல் நூற்றாண்டு ரப்பி யோகனான் பென் சக்காய் சொன்னார்: தன் தவறுக்காகப் பலி கொண்டுவரும் தலைவனை உடைய தலைமுறை பாக்கியமுள்ளது. எண்ணாகமம் 7இல் பன்னிரண்டு பேரும் கொண்டுவந்தவற்றில் அந்த வெள்ளாட்டுக்கடாவும் இருந்தது. கொண்டாட்ட நாளிலும் அதை விட்டுவிட்டு வரவில்லை.

தெரியாமல் கொடுத்த வாக்கைத் தலைவர்கள் காப்பாற்ற வேண்டுமா?

யோசுவா 9. கானானில் பக்கத்திலேயே குடியிருந்த கிபியோனியர் பழைய செருப்பும் பூசணம் பூத்த அப்பமும் காட்டித் தூரதேசத்தார்போல் நடித்தார்கள். தலைவர்கள் கர்த்தரிடம் கேட்காமல் ஆணையிட்டுவிட்டார்கள். மூன்று நாளில் குட்டு வெளிப்பட்டது, சபையெல்லாம் முறுமுறுத்தது. ஆனாலும் 'நாங்கள் ஆணையிட்டிருக்கிறோம், அவர்களைத் தொடக்கூடாது' என்று நின்றார்கள். ஏமாந்ததை ஒப்புக்கொண்டு, கெட்ட பெயரையும் வாங்கிக்கொண்டு, எளியவர்களின் உயிரைக் காத்தார்கள்.

இந்தப் பட்டியல்களில் ஒரு பெண்கூட இல்லையே?

இல்லை; அதை மூடி மறைக்க மாட்டேன். ஆனால் எண்ணாகமம் 27ஐப் பாருங்கள். செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், மோசேக்கும் ஆசாரியர் எலெயாசாருக்கும் பிரபுக்களுக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக நின்று, 'எங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லாததனால் அவர் பேர் அற்றுப்போவானேன்?' என்று கேட்டார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாமல் கர்த்தரிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்று பதில் வந்தது, சட்டம் விரிந்தது. ஐந்து பெயர்களும் தலைவர்களின் பெயர்களைப்போலவே ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருக்கின்றன.

பிறகு தெபொராள் வருகிறார். நியாயாதிபதிகள் 5இல் அவர் பாடும்போது யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கோத்திரம் கோத்திரமாகச் சொல்கிறார். இசக்காரின் பிரபுக்கள் வந்தார்கள். ரூபனில் பெரிய மனவாராய்ச்சி நடந்தது. ஆனால் தொழுவத்தில் உட்கார்ந்து மந்தைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாழ்மையுள்ளவர் பதவியே வேண்டாம் என்று ஒதுங்குவதுதானே நல்லது?

சவுலும் ஒதுங்கினார். ராஜாவாகத் தெரிந்துகொள்ளப்பட்ட நாளில் தளவாடங்களுக்குள் ஒளிந்திருந்தார் (1 சாமுவேல் 10:22). அதே சவுல் பிறகு தாவீதுக்குக் கிடைத்த பாட்டைத் தாங்க முடியாமல் ஈட்டியை எறிந்தார். கிதியோன், 'நான் உங்களை ஆளமாட்டேன், கர்த்தரே ஆளுவார்' என்றார். அடுத்த மூச்சில் ஆளுக்கொரு கடுக்கன் கேட்டு 1,700 சேக்கல் பொன் சேர்த்தார். அதில் செய்த ஏபோத்து, அதாவது ஆசாரிய உடை, ஊருக்கே கண்ணியானது. மறுக்கும் வாயை மட்டும் வைத்துத் தாழ்மையை அளக்க முடியாது. யாரும் பொறுப்பை ஏற்காவிட்டால் முட்செடி ஏற்கும் என்பதுதான் நியாயாதிபதிகள் 9இல் யோதாம் சொன்ன மரங்களின் கதை.

'தலைவன் வேலைக்காரனாக இருக்க வேண்டும்' என்பது புதிய ஏற்பாட்டில்தானே வருகிறது?

எபிரெய வேதத்திலேயே நேராக வருகிறது. சாலொமோன் இறந்தபின் நுகத்தை இலகுவாக்கும்படி மக்கள் கேட்டார்கள். மூப்பர்கள் அவருடைய மகன் ரெகொபெயாமிடம், இன்று நீர் இந்த ஜனங்களுக்குச் சேவகனாகி நல்வார்த்தை சொன்னால் எந்நாளும் அவர்கள் உமக்கு ஊழியக்காரராக இருப்பார்கள் என்றார்கள் (1 இராஜாக்கள் 12:7). அவர் கூட வளர்ந்த வாலிபர்களின் பேச்சைக் கேட்டார். ராஜ்யத்தில் பத்துக் கோத்திரங்கள் பிரிந்து போயின.

தீர்க்கதரிசி எசேக்கியேல் வரப்போகும் ஆலயத்தைத் தரிசனத்தில் காணும்போது தலைவனுக்குப் பழைய 'நாசி' என்ற சொல்லையே எடுக்கிறார். அந்த அதிபதி மக்களுடைய நிலத்தைப் பறிக்கக்கூடாது (46:18). பண்டிகை நாளில் மக்கள் உள்ளே வரும்போது அவர்கள் நடுவில் அவனும் வர வேண்டும். அவர்கள் புறப்படும்போது புறப்பட வேண்டும் (46:10).

அந்தப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் கானானுக்குள் போனார்கள்?

ஒருவரும் இல்லை. எண்ணப்பட்ட தலைமுறையில் காலேபையும் யோசுவாவையும் தவிர மற்றவர்கள் வனாந்தரத்திலேயே இறந்தார்கள். நிலத்தைப் பங்கிட எண்ணாகமம் 34இல் வரும் பட்டியலில் காலேபைத் தவிர எல்லாம் புதுப் பெயர்கள். தாங்கள் கொடுத்த மாடுகள் இழுத்த வண்டி எங்கே போய்ச் சேர்ந்தது என்று நகசோனும் அகீராவும் பார்க்கவில்லை.

ரூத் 4இன் கடைசி வசனங்களில் நகசோனின் பெயர் திரும்ப வருகிறது: நகசோன் சல்மோனைப் பெற்றான், சல்மோன் போவாசைப் பெற்றான். அந்தப் போவாஸ்தான் பெத்லெகேமில் அறுப்பு நாளில் வயலுக்கு வந்து, கூலிக்காரர் வாய் திறப்பதற்கு முன்பே, 'கர்த்தர் உங்களோடே இருப்பாராக' என்றார். அவர்கள், 'கர்த்தர் உம்மை ஆசீர்வதிப்பாராக' என்றார்கள். பிறகு அவர், கதிர் பொறுக்க வந்த மோவாபியப் பெண்ணுக்காக அரிகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடும்படியும், அவளை அதட்டாதிருக்கும்படியும் வேலைக்காரருக்குச் சொன்னார்.